மட்டக்களப்பில் பியானோவைத் தொழிலாக்குவது: வகுப்பு, கூட்டு வாசிப்பு, மேடை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டு பியானோவால் வாழ நினைப்பவர் முதலில் ஒழுங்கைத் தீர்மானிக்க வேண்டும். வகுப்பு முதலில், பிறரோடு சேர்ந்து வாசிப்பது இரண்டாவது, தனிக் கச்சேரி கடைசி. தனிக் கச்சேரியில் தொடங்குகிறவர் மண்டப வாடகை, லொறிக்கூலி, ரியூனரின் (சுருதி கூட்டுபவரின்) பயணச்செலவு மூன்றையும் கைக்காசில் கட்டிவிட்டு, இரண்டாவது கச்சேரிக்கு ஆள் தேடி நிற்பார். வகுப்பு நடத்துபவருக்கு மாதாமாதம் காசு வரும். பிள்ளைகளின் வீட்டாரே பிறகு சபையாகவும் வந்து உட்காருவார்கள். சேர்ந்து வாசிப்பதைக் குறைந்த வேலையாக எண்ண வேண்டாம். கொழும்பில் பிறந்த றொஹான் டி சில்வா 1990இல் மொஸ்கோவின் சாய்க்கொவ்ஸ்கி போட்டியில் சிறந்த துணை வாசிப்பாளருக்கான பரிசு பெற்றவர். வயலின் மேதை இட்ஸாக் பேர்ள்மனோடு உலக மேடைகளில் வாசிப்பவரும், நியூயோர்க்கின் ஜூலியார்டில் கற்பித்தவரும் அவரே.

வாத்தியமும் காற்றும்

இந்தக் கரையில் பியானோவைக் கெடுப்பது அதன் வயதை விடக் காற்றுத்தான். மாரியில் ஈரம் ஏறும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வந்து அதை உலர்த்தி எடுக்கும். ஒலிப்பலகை ஈரத்தில் ஊதும்போது கம்பிகள் இறுகி, நடுப்பகுதியின் சுருதி மேலே போகும். காய்ந்தால் கீழே வரும். ஏறத்தாழ 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து 15 தொன்னுக்கு மேற்பட்ட இழுவிசை. இவ்வளவும் ஆண்டுதோறும் மேலும் கீழும் போய் வந்தால் பியானோ சுருதியில் நிற்காது. அதனால் ஈரத்தை ஒரேயடியாகப் போக்குவதல்ல, அது பெரிதாக மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். பியானோ இருக்கும் அறையில் ஈரமானி ஒன்றைத் தொங்கவிடுங்கள். 45 முதல் 60 வீதம் நல்லது. கடற்கரை வீட்டில் அது கிடைக்காது. 65 முதல் 70க்குள் ஆண்டு முழுவதும் நின்றாலே போதும்.

அதற்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை. கடலையோ வாவியையோ பார்த்த வெளிச்சுவரில் பியானோவைச் சாத்தக்கூடாது. உட்சுவரிலும் 10 சென்ரிமீற்றர் இடைவெளி விட வேண்டும். பெடலுக்கு மேலே உள்ள கீழ்ப்பலகையைக் கழற்றி, பியானோவுக்கென்றே விற்கும் 25 வோற் அளவிலான சூட்டுக்கோல் ஒன்றை உள்ளே பொருத்துங்கள். மாரியில் இரவு பகலாக எரியட்டும், கச்சானில் நிறுத்திவிடுங்கள். பல வீடுகளில் இன்னும் மின்குமிழ் எரிப்பார்கள். அது ஒரு பக்கத்தை மட்டும் சுடவைத்து மரத்தைப் பிளக்கும், தூசி படிந்தால் தீ ஆபத்தும் உண்டு. கறையானுக்காகக் கால்களின் கீழ்த் தட்டு வைத்து, மாதம் ஒருமுறை ரோர்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். எலி பெடல் துவாரம் வழியாகத்தான் நுழையும். விரல் அழுத்தும் கட்டைகளின் கீழிருக்கும் கம்பளித்துணியைக் கடித்துக் கூடு கட்டும். அந்தத் துவாரத்துக்குக் கம்பி வலை போதும்.

மாரியில் கட்டை அழுத்தினால் மேலே வராமல் நின்றுவிடுவது வழக்கமான முறைப்பாடு. காரணம் இரண்டு. கட்டை பக்கத்துக் கட்டையில் உரசினால், விரலால் இடமும் வலமும் அசைத்துப் பார்க்கத் தெரியும். அது கட்டையின் துவாரத்திலுள்ள துணி ஊதியது. கட்டை கீழே போய் வருகிறது, ஆனால் கம்பியை அடிக்கும் ஹாமர் கம்பியருகே தங்கி மெதுவாகத் திரும்புகிறது என்றால், மூட்டிலுள்ள நடு ஊசியின் துணி இறுகியிருக்கிறது. எண்ணெய் விடவே கூடாது. இரண்டு நாளைக்கு இலகுவாக ஓடும், பிறகு தூசியைப் பிடித்து இறுகிவிடும். சூட்டுக்கோலைப் போட்டு இரண்டு கிழமை பொறுத்தும் சரிவராவிட்டால்தான் ரியூனர்.

ரியூனர் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வர வேண்டும், ஒரு வீட்டுக்காக வரமாட்டார். புளியந்தீவிலும் கல்லடியிலும் உள்ள தேவாலயங்கள், பாடசாலைகள், வீடுகள் என்று ஐந்தாறு பியானோவைச் சேர்த்து ஒரே பயணமாக அழையுங்கள், செலவைப் பங்கிடலாம். ஆண்டுக்கு இரண்டு தடவை, மாரி ஓய்ந்த மார்ச் மாதமும் மாரி தொடங்க முன் செப்டெம்பரும் ஏற்றவை. டிசம்பரில் ரியூன் பண்ணுவது காசை வாவியில் எறிவதுதான். ஏ நோட்டை 440 ஹேர்ட்ஸில் வைக்கச் சொல்லுங்கள். பழைய பியானோ அரைச்சுருதி இறங்கிக் கிடந்தால் அதை ஒரே நாளில் மேலே இழுத்தால் கம்பி அறும், மிச்சக் கம்பிகளும் நிற்காது. முதலில் கரடுமுரடாக ஏற்றி, மூன்று கிழமை கழித்து நுட்பமாகச் சேர்க்க வேண்டும்.

பழைய பியானோ வாங்கும்போது மேல்மூடியைத் திறந்து பாருங்கள். ஹாமர்களுக்கு மேலே கம்பிக்கூடு மாதிரி வரிசையாகக் கம்பிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். சத்தத்தை அடக்கும் தணிப்பிகள் மேலே இருக்கும் பழைய இங்கிலாந்து வகை அது, சத்தம் சரியாக அடங்காது, திருத்த ஆளும் கிடைக்காது. பாஸ் (கீழ்ச்சுரக்) கம்பிகள் மற்றவற்றின் மேல் குறுக்காக ஓட வேண்டும். கம்பியிலும் அது சுற்றியிருக்கும் முளைகளிலும் கறள் இருக்கிறதா, ஒரே நோட்டின் மூன்று கம்பிகளும் ஒன்றாக ஒலிக்கின்றனவா என்று பாருங்கள். பல நோட்டுகள் ஒன்றுக்கொன்று பிசகிச் சிதறி ஒலித்தால் முளைப்பலகை பிடிப்பு விட்டிருக்கலாம். அதைத் திருத்துவது பியானோவின் விலையைத் தாண்டும்.

வகுப்புக்கு இரண்டாவது வாத்தியமாக 88 கட்டையும் ஹாமர் பாரமும் உள்ள டிஜிற்றல் பியானோ போதும். 61 கட்டை கீபோட்டில் முதல் இரண்டு கிரேட்டுக்கு (பரீட்சைப் படிக்கு) மேல் போக வேண்டாம். மெல்லிய கட்டையில் பழகிய விரல் பிறகு பியானோவில் சத்தமே எழுப்பாது. இதை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லுங்கள். மூன்று வருடம் கழித்துச் சொன்னால் சண்டை வரும்.

தகுதி

வீட்டார் கேட்பது சான்றிதழ். பிரித்தானியப் பரீட்சைச் சபைகளான றோயல் ஸ்கூல்ஸ் சபையின் ஏஆர்எஸ்எம், எல்ஆர்எஸ்எம், டிரினிற்றியின் ஏரிசிஎல், எல்ரிசிஎல் ஆகியவை எல்லோரும் அறிந்த டிப்ளோமாக்கள். ஏஆர்எஸ்எம்முக்கு கிரேட் 8 தேறியிருக்க வேண்டும். 30 நிமிட வாசிப்பு மட்டும்தான், வேறு சோதனை இல்லை. கற்பித்தலைத் தொழிலாக எடுப்பவருக்கு டிரினிற்றியின் கற்பித்தல் டிப்ளோமாவே அதிகம் உதவும். பாடசாலையில் மேலைத்தேய சங்கீதம் படிப்பிக்க விரும்பினால் அரச நியமனத்துக்கு வேறு தகுதி வேண்டும். டிப்ளோமாவை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பயிற்சி காலையில்தான். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு நேரம் வகுப்புக்கு உரியது. எட்டு முதல் பதினொன்றரை வரை, 40 நிமிடம் வாசித்து 10 நிமிடம் கை ஓய்வு. ஆறு மாதம் பிள்ளைகளோடு மட்டும் வாசித்தால் சொந்தக் கை எப்படித் தேய்கிறது என்பதை ஸ்கேலின் வேகமே காட்டிக்கொடுக்கும்.

வகுப்பு

தொடக்கப் பிள்ளைக்கு வாரம் ஒரு 30 நிமிடம், கிரேட் 4க்கு மேல் 45, கிரேட் 6க்கு மேல் ஒரு மணி. கிழமை நாட்களில் மூன்று மணி முதல் ஏழு மணி வரை என்றால் ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளைகள். ஆறுக்கு மேல் எடுக்காதீர்கள், ஏழாவது பிள்ளைக்கு உங்கள் காது வேலை செய்யாது. ஞாயிறு காலை தேவாலயமும் அறநெறி வகுப்பும் இருக்கும். காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் மஃரிப் தொழுகை நேரத்தையும் நோன்பு மாத மாலைகளையும் அட்டவணையிலிருந்து முதலே எடுத்துவிடுங்கள். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே சுமார் 40 கிலோமீற்றர். இரண்டு ஊரிலும் படிப்பிப்பவர் நாளைப் பிரிக்க வேண்டும், பின்னேரத்தைப் பிரிக்கக்கூடாது.

கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் முற்பணமாக வாங்குங்கள். பிள்ளை வராத நாளுக்குக் காசு திருப்பித் தருவதில்லை, ஆசிரியர் வராவிட்டால் ஈடு செய்யப்படும், நிற்பதென்றால் ஒரு மாதம் முன் அறிவிக்க வேண்டும்: இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். உறவுக்காரப் பிள்ளைக்கும் அதே தாள். “மாமி ஆக்களிட்ட என்னெண்டு காசு கேக்கிற” என்று விட்டால் அந்த மாமியின் ஒழுங்கை முழுவதும் இலவச வகுப்பாகிவிடும்.

எங்கள் பிள்ளைகள் இரண்டு இடத்தில் பியானோவை விடுவார்கள்: ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வரும்போதும், சாதாரண தரம் வரும்போதும். இதைத் தடுக்க முடியாது, திட்டமிடலாம். ஆறு வயதில் தொடங்கிய பிள்ளையை நான்காம் ஆண்டு முடிவதற்குள் கிரேட் 2க்குக் கொண்டுவாருங்கள். ஐந்தாம் ஆண்டில் பரீட்சை வேண்டாம். 20 நிமிட வகுப்பாகக் குறைத்து, பிடித்த பாட்டும் இரட்டை வாசிப்பும் மட்டும். பத்தாம் ஆண்டு முடிவதற்குள் கிரேட் 5 தியரி எழுதி முடித்திருக்க வேண்டும்.

தியரியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், றோயல் ஸ்கூல்ஸ் சபையில் கிரேட் 6 முதல் செய்முறைப் பரீட்சைக்கு கிரேட் 5 தியரியோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் வேறொரு தேர்ச்சியோ கட்டாயம். டிரினிற்றியில் அந்தத் தடை இல்லை. அழகாக கிரேட் 5 வாசித்த பிள்ளை தியரியில் ஒன்றும் செய்யாததால் ஒன்றரை வருடம் நின்றுபோவதைப் பார்க்கலாம். கிரேட் 2இலிருந்தே வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் தியரி.

புள்ளிக் கணக்கையும் தெரிந்து படிப்பியுங்கள். றோயல் ஸ்கூல்ஸ் நேரடிப் பரீட்சை 150க்கு: மூன்று இசைத்துண்டுக்குத் தலா 30ஆக 90, ஸ்கேல் 21, பார்த்தவுடன் வாசிப்பு 21, செவிப்பரீட்சை 18. தேற 100, மெரிற் 120, டிஸ்ரிங்ஷன் 130. துண்டுகளை மட்டும் பத்து மாதம் மெருகேற்றி மற்ற 60 புள்ளியைக் கைவிடுவதுதான் இங்கே மெரிற் தவறுவதற்கான காரணம். டிரினிற்றி 100க்கு: தேற 60, மெரிற் 75, டிஸ்ரிங்ஷன் 87.

பார்த்தவுடன் வாசிப்புக்கு ஒரே மருந்து தினமும் புதிய நான்கு வரி. பரீட்சைத் துண்டைவிட இரண்டு கிரேட் கீழே எடுத்து, தாளத்தைக் கைதட்டி, பிறகு நிறுத்தாமல் வாசிக்கச் சொல்லுங்கள். பிழை விட்டால் திரும்பப் போகக்கூடாது. செவிப்பரீட்சைக்கு எங்கள் பிள்ளைகளிடம் வேறொரு பலம் உண்டு: கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போகிற பிள்ளை ஸரிகமவில் இடைவெளியைப் பாடிவிடும். ஸ–ப, ஸ–க என்று பாடவைத்து, பிறகு அதே இடைவெளியைக் கட்டையில் தேடவைத்தால் மாதக் கணக்கான வேலை கிழமைகளில் முடியும்.

முதல் நாளே உட்காரும் உயரத்தைத் திருத்துங்கள். முழங்கை கட்டையின் மட்டத்தில், இருப்பது கதிரையின் முன் பாதியில், கால் தரையில். சின்னப் பிள்ளையின் கால் தொங்கினால் தோளை உயர்த்தி வாசிக்கும். ஒரு மரப்பெட்டி வையுங்கள். அடுக்கிய தலையணையில் இருத்த வேண்டாம், அசையும்.

றோயல் ஸ்கூல்ஸ் சபைக்கு வீடியோவில் அனுப்பும் பரீட்சை இந்தப் பக்கத்துக்குப் பெரிய வசதி. நான்கு துண்டுகள், இடையில் வெட்டாமல் ஒரே எடுப்பு. ஒவ்வொன்றுக்கும் 30, மொத்த வாசிப்புக்கு 30. போனைக் கிடையாக, பிள்ளையின் வலப்பக்கத்தில் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, முகம், கை, கட்டை, பெடல் எல்லாம் தெரியும்படி நிறுத்துங்கள். கிட்ட வைத்தால் போன் தானாகச் சத்தத்தைக் குறைத்து, மெதுவாக வாசித்ததும் பலமாக வாசித்ததும் ஒன்றாகக் கேட்கும். போனை விமான நிலைக்கு மாற்றுங்கள். பதிவுக்கு நல்ல நேரம் காலை பத்து மணி. மாலையில் கோயில் ஒலிபெருக்கி, மீன்காரரின் கோர்ன், மோட்டார்சைக்கிள் எல்லாம் சேர்ந்துவிடும்.

துணை வாசிப்பு

தேவாலயப் பாடகர் குழு, திருமணம், வயலின் பரீட்சைக்குப் போகும் பிள்ளை: முதல் அழைப்புகள் இவைதான். பிரதியை ஒரு கிழமைக்கு முன் கேளுங்கள், ஒத்திகை ஒன்றுக்காவது தனியாகக் கட்டணம் சொல்லுங்கள். நோட் எல்லாவற்றையும் வாசிக்க முடியாவிட்டால் பாஸும் மேல்வரியும் தாளமும் தவறாமல் இருக்கட்டும், நடு நோட்டுகளை விடலாம். நிற்பதுதான் மன்னிக்கப்படாத பிழை. கீர்த்தனையை ஒரு சுருதி மேலோ கீழோ மாற்றி வாசிக்கப் பழகியவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருபோதும் வெறுமையாக இராது.

கர்நாடக முறையில் பயின்ற பாடகரோடோ வயலினோடோ சேர்ந்தால் வேறு கவனம் வேண்டும். அவர்கள் ‘கட்டை’ என்பது சுருதியின் அளவு: ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். பாடுபவர் எத்தனை கட்டை என்று முதல் கேளுங்கள். அவர்களின் வயலின் ஸ–ப–ஸ–ப என்று கூட்டப்பட்டிருக்கும். மேற்கத்திய வயலின் பிரதியை அப்படியே நீட்டினால் விரலிடம் மாறும். பியானோவின் மேஜர் காந்தாரம் தம்புராவின் இயற்கைக் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ற் (அரைச்சுருதியின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்) உயர்ந்தது. அதனால் பல நோட்டுகள் சேர்ந்த நீண்ட கோர்ட்டில் காந்தாரத்தை விட்டு ஸ–ப மட்டும் பிடியுங்கள். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வரும் இடத்தில் கையை எடுங்கள். பியானோவுக்குக் கமகம் வராது, வரவைக்க முயன்று பாடுபவரைக் குழப்புவதில் பயனில்லை.

நான்கு கை

ஒரே பியானோவில் இருவர் வாசிப்பதுதான் இந்த ஊருக்கு ஏற்ற இரட்டை. இரண்டு நல்ல பியானோ ஒரே மண்டபத்தில் இங்கே கிடைப்பது அரிது. ஆகவே மொசார்ட்டின் 1781ஆம் ஆண்டு கே 448 போன்ற இரண்டு பியானோத் துண்டுகளை இப்போதைக்கு ஆசையில் வைத்திருங்கள்.

88 கட்டையின் அகலம் ஏறத்தாழ 122 சென்ரிமீற்றர், ஆளுக்கு 61. வழக்கமான வாங்கு இருவருக்குக் காணாது. தனித்தனி ஸ்டூல் இரண்டு வையுங்கள். உயரமும் தனியாகத் திருத்தலாம், ஒருவர் அசைந்தால் மற்றவர் ஆடமாட்டார். இருவரும் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்பி இருங்கள்.

கீழ்ப்பகுதி வாசிப்பவரே பெடல் மிதிக்க வேண்டும், ஏனென்றால் கோர்ட் எப்போது மாறுகிறது என்பது அவரின் பாஸில்தான் இருக்கிறது. ஆனால் அவர் தன் பகுதியைக் கேட்டு மிதித்தால் மேல்பகுதியின் ராகம் கலங்கும். மேல்வரியைக் கேட்டு மிதிக்கப் பழக வேண்டும். முதல் ஒத்திகையைப் பெடலே இல்லாமல் செய்யுங்கள்.

மேல்பகுதியின் இடக்கையும் கீழ்ப்பகுதியின் வலக்கையும் மோதும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். யாருடைய கை மேலே, யாருடையது கீழே என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் எழுதுங்கள். ஒரே கட்டையை இருவரும் அடுத்தடுத்து அடிக்கும் இடத்தில் முதலாமவர் நோட்டின் நீளத்தை அரைவாசியாக வெட்டி விரலை எடுக்க வேண்டும். பெடல் மிச்சத்தைத் தாங்கும். இது எழுதிய நோட்டுக்கு மாறானதுதான், ஆனால் எடுக்காவிட்டால் கட்டை மேலே வராது, இரண்டாமவரின் நோட் ஒலிக்கவே ஒலிக்காது.

சத்த அளவு இரண்டாவது பிரச்சினை. இருபது விரலும் பலமாக அடித்தால் நிமிர்ந்த பியானோ இரையும். கீழ்ப்பகுதி முழுவதையும் எழுதியதைவிட ஒரு படி மெதுவாக வாசித்து, மேல்பகுதியின் வலக்கையை மட்டும் தூக்குங்கள். போனை மண்டபத்தின் கடைசி வரிசையில் வைத்துப் பதிவுசெய்து இருவரும் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தன் பாஸ் எவ்வளவு பெரிது என்று தெரியாது.

தொடக்கத்துக்குத் தலையாட்டல் போதும், அதை மேல்பகுதி வாசிப்பவர் செய்யட்டும். துண்டின் வேகத்திலேயே ஒரு முழு மூச்சு எடுத்து, மூச்சு விடும்போது கை இறங்க வேண்டும். வேகம் குறையும் இடங்களிலும் அப்படியே. தாளம் தட்டும் மெட்ரோனோமோடு மெதுவாக மூன்று தடவை, பிறகு அது இல்லாமல். மெட்ரோனோமிலேயே பழகினால் மேடையில் ஒருவருக்கொருவர் காது கொடுக்கமாட்டீர்கள்.

பிள்ளையோடு தொடங்க டயபெல்லியின் ஓபஸ் 149 சிறந்தது. மாணவர் பகுதி ஐந்து நோட்டுக்குள்ளேயே நிற்கும், ஆசிரியர் பகுதி முழுமையாக ஒலிக்கும். அதன்பின் போரேயின் டோலி, டுவொஷாக்கின் ஸ்லாவோனிக் நடனங்கள். சமமான இருவர் கிடைத்தால் சூபேர்ட்டின் 1828ஆம் ஆண்டு எஃப் மைனர் பன்ரசியா. இதற்கு ஆறு மாத வேலை ஒதுக்குங்கள். இவையெல்லாம் பதிப்புரிமை காலாவதியான பழைய பதிப்புகளாக இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும். கடைசியில் ஒன்று சொந்தமாக அமைத்துக்கொள்ளுங்கள்: மட்டக்களப்புப் பறங்கியரின் கப்ரிஞ்ஞா நடன இசையின் 6/8 தாளம் நான்கு கைக்கு அப்படிப் பொருந்தும், சபையும் காலால் தாளம் போடும்.

கூட்டாளியைத் தெரிவு செய்யும்போது திறமையைவிட நேரத்துக்கு வருவதைப் பாருங்கள். வருமானம் சரிபாதி, செலவும் சரிபாதி, ஒருவர் கடைசி நேரத்தில் விலகினால் என்ன என்பதை முதல் கச்சேரிக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மேடை

முதல் நிகழ்ச்சி 55 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. நான்கு கை 20, வயலினோ பாட்டோ 15, தனி வாசிப்பு 15, மிச்சம் பேச்சு. மண்டபத்தைப் பியானோ பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பியானோ உள்ள தேவாலயமோ பாடசாலை மண்டபமோ கிடைத்தால் அதுவே. கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும் என்றால், நிமிர்ந்த பியானோ 200 முதல் 300 கிலோ. நான்கு பேரும் சில்லுப் பலகையும் வேண்டும். அதன் சொந்தச் சின்னச் சில்லுகளில் உருட்டினால் கால் முறியும். லொறியில் நிமிர்த்தியே, ஓட்டுநர் அறையோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இரண்டு நாள் முன்பே இறக்கி, அதே மண்டபத்தின் காற்றில் ஆறவிட்டு, நிகழ்ச்சி நாள் காலையில் ரியூன் பண்ணுங்கள். குளிரூட்டி உண்டென்றால் ரியூன் பண்ணும்போதே அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரவு ஏழு மணிக்குத்தான் அதைப் போட்டால் இரண்டாவது துண்டிலேயே சுருதி விலகும்.

மின்விசிறி பிரதியைப் பறக்கவிடும்; உடுப்புக் கவ்வி நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை வியர்வையில் வழுக்கும், துண்டுக்குத் துண்டு துடைக்க ஒரு கைத்துவாய் பியானோவின் இடப்பக்கத்தில். கரண்ட் போனால் பியானோ நிற்காது, வெளிச்சம்தான் நிற்கும். பற்றரி விளக்கு ஒன்றைப் பிரதிப் பலகையில் முன்கூட்டியே பொருத்தி வையுங்கள். பக்கம் திருப்ப வருபவரோடு ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள்: எழுந்து நிற்பது எந்த வரியில், மூலையைப் பிடிப்பது எந்த வரியில், திரும்பச் செய்தல் எங்கே வருகிறது என்று. திரும்பச் செய்தலில் இரண்டு பக்கம் பின்னே போக வேண்டிய இடம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து முன்னே ஒட்டிவிடுங்கள்.